இல்லாத மொழியில் இரண்டு கோல்

இறுதிப் போட்டி அன்று மத்தியானம் சுவருக்கு வயிற்றுக்குள் சலவை மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் வீட்டு மெஷின் இல்லை. அவள் வேலை பார்க்கும் பெரியாஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், ஒரு வார்டுப் படுக்கை விரிப்புகளை ஒரே வாயில் விழுங்குமே, அந்த ராட்சச மெஷின்.

சுவர் என்பது அணி அவளுக்கு வைத்த பெயர். கோல் கம்பங்களுக்கு நடுவே அவள் நின்றால் பந்துக்கு வழியே கிடையாது, அதனால்தான் அந்தப் பெயர் என்று வெளியாட்களிடம் சொல்லிக்கொள்வார்கள். உண்மைக் கதை வேறு. ஒரு பயிற்சி நாளில் பந்தைத் துரத்திப் போய் மைதானத்து மதிலில் மோதினாள். மதிலில் காரை பெயர்ந்தது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை. நனைந்த விரிப்புகளை இழுத்து இழுத்து உரம் ஏறிய உடம்பு. முப்பதைத் தாண்டிய பிறகும் அந்தக் கைகளில் விழுந்த பந்து நழுவியதில்லை.

அவளுடைய அணியில் எல்லோரும் ஆற்றுக்காரர்கள். ஊர் அவர்களை அப்படித்தான் அழைத்தது. மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஆற்றின் கரையில் காலங்காலமாக அவர்கள் வாழ்ந்தார்கள். மின்சாரத்துக்காக அங்கே அணை வந்தது. கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. நகரத்தின் ஓரத்தில் வரிசை வீடுகள் கட்டி அவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் சொந்த மொழியில் வாய் திறந்த பிள்ளைகள் வெயிலில் முட்டி போட்டார்கள். பெற்றவர்கள் பயந்துபோய் வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இப்படித் தாழ்த்தித் தாழ்த்தி, கடைசிக் கணக்கெடுப்பில் அரசாங்கம் ஒரு வரி எழுதிவிட்டது: 'இம்மொழியைப் பேசுவோர் தற்போது எவருமில்லை.'

மொழி இல்லையென்றால் அப்படி ஓர் இனமும் இல்லை. இனம் இல்லையென்றால் அணைக்கு மேலே மிச்சம் இருக்கிற காட்டின் மேல் அவர்களுக்கு உரிமையும் இல்லை, பிள்ளைகளுக்கு அந்த மொழியில் ஒரு வகுப்பும் இல்லை. உரிமை ஆணையத்தில் கொடுத்த மனு, 'பேசுகிறவர்கள் இருந்தால்தானே விசாரிப்பது' என்ற பதிலோடு கிடப்பில் கிடந்தது.

பேசுகிறவர்கள் இருந்தார்கள். கால்பந்து மைதானத்தில் இருந்தார்கள். அங்கே தாழ்ந்த குரலுக்கு வேலை இல்லை, கத்தித்தான் ஆக வேண்டும். கத்துவதற்கு அந்த மொழியைப்போல ஒரு மொழி கிடையாது. அதில் இடது, வலது என்ற சொற்களே இல்லை. எல்லாம் ஆற்றை வைத்துத்தான். மேலாற்றுப் பக்கம் என்றால் 'தூமா'. கீழாற்றுப் பக்கம் என்றால் 'லேக்'. ஆறு முழுகிப்போனாலும் மலை இருக்கிற பக்கம்தான் இன்றைக்கும் தூமா. நீ எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும், எதிரே நிற்பவள் எந்தப் பக்கம் பார்த்தாலும், தூமா மாறாது. 'உன் இடதா, என் இடதா' என்ற குழப்பத்துக்கே இடமில்லை. இன்னொரு சொல் 'ஙா'. 'விலகு, நான் வருகிறேன்' என்று அர்த்தம். மூச்சை மூக்கில் ஏற்றிச் சொன்னால் மைதானத்தின் மறுகோடி வரை கேட்கும். பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு சொல்லுக்காகவே அவர்களை வாத்து என்று கேலி செய்தார்கள்.

அந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு ஆற்றுக்காரிகள் இறுதிப் போட்டிவரை வந்துவிட்டார்கள். எதிரணி மின் நிறுவனத்து அணி. ஆம், அணையைக் கட்டிய அதே நிறுவனம்.

உடை மாற்றும் அறையில் ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. கால்பந்துச் சங்கத்துச் செயலாளர் வந்தார். கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் கல்யாண வீட்டுச் சிரிப்பு.

"ஒரு சின்ன விஷயம். சங்கத்துல நேத்து ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். ஆட்டத்துல பொதுமொழியிலதான் பேசணும். வேற மொழியில ஒரு வார்த்தை வந்தாலும் மஞ்சள் அட்டை. ரெண்டாவது தடவை வந்தா வெளியே போகணும்."

அணியின் பயிற்சியாளர் லாரி மெக்கானிக். சுவருக்கு அப்பாவின் தம்பி. அவளைப் பார்த்து அணியே அவரைச் சித்தப்பா என்று அழைத்தது. அவர் மெதுவாக எழுந்தார்.

"எந்த மொழியைச் சார் சொல்றீங்க?"

"அதான்... நீங்க பேசுறது."

"நாங்க பேசுற மொழியே இல்லன்னு அரசாங்கம் எழுதி வெச்சிருக்கு சார். இல்லாத மொழிக்கு எதுக்கு சார் தடை?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செயலாளரின் கல்யாணச் சிரிப்பு மறைந்தது.

"அரசியல் பேசாதீங்க. அரையிறுதியில தோத்தவங்க புகார் குடுத்திருக்காங்க. நீங்க அவங்களைத் திட்டினீங்களாம்."

முன்வரிசையில் ஆடும் மின்னல், மற்ற நாட்களில் பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவள், தலை நிமிராமல் சொன்னாள்: "திட்டுறதா இருந்தா பொதுமொழியிலதான் சார் திட்டுவோம். அப்பதானே அவங்களுக்குப் புரியும்."

அவர் போனதும் அறை கொதித்தது. ஆட வேண்டாம், போய்விடலாம் என்றாள் ஒருத்தி. சட்டையைக் கழற்றி அந்த ஆள் மூஞ்சியில் எறியலாம் என்றாள் இன்னொருத்தி. பேக்கரியில் மாவு பிசையும் சுண்டு, அணியிலேயே குள்ளம், தற்காப்பில் ஆடுபவள், "சுவர் கத்தலைன்னா பின்னாடி யார் வர்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கண் கலங்கினாள்.

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அவள்தான் கேப்டன். சுவருக்கும் கோபம் காது வரை ஏறியிருந்தது. ஆனால் சன்னல் வழியாக அவளுக்கு எதிர்ப்பக்கத் திறந்தவெளிக் காலரி தெரிந்தது. வரிசை வீடுகளில் ஓர் ஆள் பாக்கி இல்லை. தூக்குவாளிகள், குடைகள், கைக்குழந்தைகள். நகரத்தில் வீட்டுவேலை செய்கிறவர்கள், காவல் நிற்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

"இப்ப நாம போயிட்டோம்னா நாளைக்கு என்ன ஆகும் தெரியுமா?" என்றாள் சுவர். "அப்படி ஒரு அணியே இல்லன்னு எழுதிடுவாங்க. எழுந்திருங்கடி."

சண்டையும் சமாதானமும் முடிந்து, சிறப்பு விருந்தினர் தன் இளமைக் காலக் கால்பந்து வீரத்தை ஆதியோடு அந்தமாகச் சொல்லி முடித்து, ஆட்டம் தொடங்கும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

மலை இருந்த பக்கத்தில் கூரை போட்ட காலரி. அதில் மின் நிறுவனத்துக் குடும்பங்கள். கோலில் நின்று அந்தப் பக்கம் ஒரு பார்வை விட்ட சுவருக்குத் திக்கென்றது. மூன்றாவது வரிசையில் அவளுடைய அக்கா.

அக்கா அவள் ஆட்டத்துக்கு வந்ததே இல்லை. அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்கும் அந்தக் குரலைத் தெரியாத ஆள் நகரத்தில் கிடையாது. முகத்தை மட்டும் யாருக்கும் தெரியாது. குரலில் ஆற்றுக்காரி என்ற சாயல் துளிகூட இருக்காது; அதற்காகக் கண்ணாடி முன்னால் நின்று பழகியவள். கட்டியது வெளியாளை. மகளுக்கு அந்த மொழியில் ஒரு சொல் சொல்லிக் கொடுக்கவில்லை. 'என் பொண்ணும் வெயில்ல முட்டி போடணுமா?' என்று ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இன்றைக்கு மாமாவின் அலுவலகத்தில் டிக்கெட் கொடுத்தார்கள்போல. அக்கா எதிரணிக் கூட்டத்தின் நடுவே, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

விசில் ஊதியது.

முதல் பாதியைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பதே நல்லது. மின் நிறுவனத்து அணி சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் ஆடியது. ஆனால் ஆற்றுக்காரிகள் கையைக் கட்டிப்போட்டவர்கள்போல ஆடினார்கள். "இடது பக்கம்! இடது பக்கம் பார்!" என்று சுவர் பொதுமொழியில் அலறினாள். அவளைப் பார்த்தபடி பின்னால் ஓடி வந்த சுண்டு அது யாருடைய இடது என்று ஒரு கணம் யோசித்தாள். அந்த ஒரு கணத்தில் எதிரணிப் பெண் அவளைத் தாண்டிப் போய், பந்தை வலைக்குள் அடித்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் உயரமாக ஒரு பந்து வந்தது. சுவர் யோசிக்கவில்லை, நாக்கு தானாக முந்திக்கொண்டது. "ஙா!"

விசில். மஞ்சள் அட்டை.

நடுவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நேர்க்கோட்டில் பிறந்து நேர்க்கோட்டில் வளர்ந்தவர்போல இருப்பார். "விதி இருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கா பிடிக்கலையாங்கறது வேற விஷயம்," என்று சொல்லிக்கொண்டே குறித்துக்கொண்டார். "இன்னொண்ணு வந்தா வெளியே போகணும்மா. பார்த்துக்கோங்க."

மாற்று கோல்கீப்பர் அவர்களிடம் கிடையாது. சுவர் வாயை மூடிக்கொண்டாள். அடுத்து வந்த பந்தை அவள் எடுப்பாள் என்று சுண்டு விட்டாள், சுண்டு எடுப்பாள் என்று அவள் நின்றாள். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் மரியாதையாக உருண்டு போய்க் கோலுக்குள் விழுந்தது. இரண்டு பூஜ்யம்.

இடைவேளையில் சித்தப்பா அணியைச் சுற்றி வந்தார். தண்ணீர்ப் பாட்டிலை ஒவ்வொருத்தியிடமும் நீட்டினார். கடைசியில், "நான் என்னத்தைச் சொல்ல? எனக்குத் தெரிஞ்ச ஆட்டமே அந்த மொழியிலதான் இருக்கு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதர் கண்ணைத் துடைப்பதைச் சுவர் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியது. மூன்றாவது கோல் விழ வேண்டிய நேரம் சீக்கிரமே வந்தது. சுண்டுவின் காலில் பந்து. அவள் முதுகுக்குப் பின்னால், மைதானத்து ஓரமாக, எதிரணியின் வேகக்காரி பாய்ந்து வருகிறாள். சுண்டுவுக்குத் தெரியாது. சுவருக்குத் தெரிகிறது. சொல் தொண்டை வரை வந்துவிட்டது. விட்டால் வெளியே போக வேண்டும். அவள் உதட்டைக் கடித்தாள். ரத்தம் கரித்தது.

"லேக்!"

வானத்திலிருந்து விழுந்ததுபோல வந்தது அந்தக் குரல். சுண்டு யோசிக்கவே இல்லை. பந்தைக் கீழாற்றுப் பக்கம் தட்டித் திரும்பினாள். பாய்ந்து வந்தவள் வெறும் காற்றை உதைத்துவிட்டுப் புல்லில் சறுக்கினாள்.

மைதானமே திரும்பிப் பார்த்தது. கூரைக் காலரியில், மூன்றாவது வரிசையில், ஒருத்தி எழுந்து நின்றாள். கைப்பை காலடியில் கிடந்தது. கறுப்புக் கண்ணாடியைக் காணோம்.

"லேக், சுண்டு, லேக்! அப்புறம் தூமா! மின்னல் அங்கதான் நிக்கிறா, பாரு!"

"டேய், இது பஸ் ஸ்டாண்டு குரல்டா!" என்று யாரோ கத்தினார்கள். அது காலரி முழுக்கத் தீயாகப் பரவியது. ஆமாம், அந்தக் குரல்தான். தினமும் காலையில் அவர்களை வேலைக்கு அனுப்பி, மாலையில் வீட்டுக்கு அனுப்புகிற குரல். அது இப்போது அவர்களுக்குப் புரியாத மொழியில், தொண்டை கிழிய, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தது.

சுவருக்குக் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொள்ள நேரமில்லை, பந்து இன்னும் ஆட்டத்தில் இருந்தது.

எதிர்ப்பக்கக் காலரி ஒரு நொடி திகைத்து நின்றது. பிறகு அணை உடைந்ததுபோல உடைந்தது. வருஷக்கணக்காக வீட்டுச் சுவருக்குள் மெல்லப் பேசியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். "தூமா!" "லேக்!" "ஙா! ஙா!" காவல்காரர் கத்தினார். மூட்டை தூக்குகிறவர் கத்தினார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள் குழந்தையோடு சேர்ந்து கத்தினாள். ஆளுக்கு ஒரு திசை சொன்னார்கள். அணிக்குத் தலை சுற்றியது. சுண்டு ஒரே இடத்தில் பம்பரமாகச் சுற்றிவிட்டுப் பந்தை வெளியே அடித்தாள்.

சித்தப்பாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. மைதானத்து விளிம்பில் தலைதெறிக்க ஓடிக் காலரிக்கு முன்னால் போய் நின்றார்.

"எல்லாரும் பயிற்சியாளர் ஆகாதீங்க! நான் ஒருத்தன் போதும்! சுவரோட கையைப் பாருங்க! அவ கை எந்தப் பக்கம் போகுதோ, அதை மட்டும் சொல்லுங்க! ஒரே குரலா!"

சுவருக்குப் புரிந்துவிட்டது. நாக்குக்குத்தானே தடை? கைக்குத் தடை இல்லையே. அவள் வலக்கையை மலையை நோக்கி நீட்டினாள்.

"தூ... மா!"

ஆயிரம் தொண்டை, ஒரே சொல். அவளுடைய மார்புக்கூட்டுக்குள் அது இடித்தது. முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர்கள், அவளைத் திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லாமல், மேலாற்றுப் பக்கம் சாய்ந்தார்கள். கையை மாற்றினாள். "லேக்!" அணி ஒரு மீன் கூட்டம்போலத் திரும்பியது. மின்னல் பந்தை வாங்கினாள், ஒருத்தியை ஏமாற்றினாள், இன்னொருத்தியின் கால் இடுக்கில் தட்டினாள். அவள் அடித்த அடியை எதிரணி கோல்கீப்பர் பார்த்தாளா என்பதே சந்தேகம். வலை குலுங்கியது.

அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் யாரும் உட்காரவில்லை.

செயலாளர் கோட்டுப் பறக்க நடுவரிடம் ஓடி வந்தார். "ஆட்டத்தை நிறுத்துங்க! என்ன கூத்து இது? தீர்மானத்தை மீறுறாங்க!"

கணக்கு வாத்தியார் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "தீர்மானத்துல 'ஆடுபவர்கள்'னு இருக்கு சார். பார்க்குறவங்களைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"அதுக்காக?"

"விதின்னா விதி சார். நீங்க போட்டதுதான். கோட்டுக்கு வெளியே போய் நில்லுங்க. இல்லன்னா உங்களுக்கு ஒரு அட்டை காட்ட வேண்டியிருக்கும்."

உள்ளூர்த் தொலைக்காட்சி ஆட்டத்தை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. வர்ணனையாளர் பாவம், இருக்கையின் நுனிக்கு வந்திருந்தார். "நேயர்களே, இது என்ன மொழி என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் எனக்கே தூமா பக்கம் ஓட வேண்டும்போல இருக்கிறது!" என்று அவர் கத்தியதை அன்று நகரத்தில் டீக்கடை டீக்கடையாகக் கேட்டார்கள்.

சூரியன் இறங்கி மைதானம் மங்கிக்கொண்டிருந்தபோது இரண்டாவது கோல் விழுந்தது. அதை அடித்தது சுண்டு. பிறந்ததிலிருந்து கோல் அடிக்காத சுண்டு. கார்னரில் வந்த பந்து நெற்றியில் பட்டதா, மூக்கில் பட்டதா என்று அவளுக்கே தெரியாது. மூக்கில் ரத்தம் வழிய மைதானத்தைச் சுற்றி ஓடினாள். பிடித்து நிறுத்த நாலு பேர் தேவைப்பட்டார்கள். இரண்டுக்கு இரண்டு.

இப்போது மின் நிறுவனத்து அணி விடவில்லை. கடைசி நிமிடத்தில் கோலுக்கு மிக அருகே அவர்களுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. வேகக்காரி பந்தை வைத்தாள். காலரிகள் இரண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டன. இப்போது திசை சொல்ல ஒன்றும் இல்லை. அவளும் பந்தும்தான்.

அடி விழுந்தது. பந்து மனிதச் சுவரைத் தாண்டி, மேல் மூலைக்குப் போனது. சுவர் பறந்தாள். எப்படி என்று பிறகு எவ்வளவு கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. விரல் நுனிகளில் நெருப்புப் பட்டது. 'டொக்' என்று ஒரு சத்தம். அது கம்பமா, தன் விரலா என்று தெரியவில்லை. பந்து மேலே எம்பி, கம்பத்தில் பட்டு, வெளியே விழுந்தது.

விசில்.

சமநிலை என்றால் பெனால்டி. ஆனால் முகம் தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது. விளக்கைப் போடச் சொன்னார்கள். மின் நிறுவனம் இனாமாகப் போட்டுக்கொடுத்த பெரிய பெரிய விளக்குகள். அவை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டின, 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது, மைதானம் முழுக்க இருள்.

பிறகு திறந்தவெளிக் காலரியிலிருந்து ஒரு குரல்: "எங்க ஆத்தையே எடுத்துக்கிட்டீங்களே, ஒரு பல்பு எரிய வெக்க முடியலையா?"

மின் நிறுவனத்துக் காலரியே விழுந்து விழுந்து சிரித்தது. நடுவர் செல்போன் வெளிச்சத்தில் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வெளிச்சம் போதாததால் கோப்பை இரு அணிக்கும் பொது என்று அறிவித்தார். யார் முதலில் வைத்துக்கொள்வது என்று நாணயம் சுண்டினார்கள். ஆற்றுக்காரிகள் தோற்றார்கள். அவர்களில் ஒருத்திக்கும் அது காதில் விழவில்லை. காலரி தடுப்பைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கியிருந்தது. அத்தனை பேரும் அந்த மொழியில், உரக்க, வெட்கமில்லாமல், சந்தைபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இருட்டில் யாரோ சுவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். வாசனையிலேயே தெரிந்தது, அக்கா.

"கையைக் காட்டு." அக்காவுக்குக் குரல் போயிருந்தது. கரகரவென்று காற்றுதான் வந்தது. "வீங்கிப் போச்சு பாரு. முட்டாள்."

"அக்கா, உன் வேலை..."

"போனா போகட்டும். நாளைக்கு எப்படியும் என்னால பேச முடியாது." அக்கா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அந்தச் சுண்டு முதுகுக்குப் பின்னாடி அவ வர்றதைப் பார்த்தேன்டி. நீ வாயை மூடிக்கிட்டு நின்ன. உன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயசுல வெயில்ல முட்டி போட்டப்ப இருந்த அதே முகம். தாங்க முடியல."

பின்னால் நின்ற மாமா தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு சொல்லவா? உங்க அக்கா தூக்கத்துல என்னவோ பேசுவா. கல்யாணம் ஆனதுலேர்ந்து. கெட்ட கனவுன்னு நினைச்சு எழுப்பி எழுப்பி விடுவேன். இன்னிக்குத்தான் தெரியுது, அது ஒரு மொழின்னு."

"எழுப்பி எழுப்பி என் தூக்கத்தையே கெடுத்தீங்க," என்றாள் அக்கா.

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அக்காவின் வேலை போகவில்லை. மேலதிகாரி கூப்பிட்டு விளக்கம் கேட்டார். ஆனால் அதற்குள் பயணிகள், 'அந்தக் குரல் எங்கே, திரும்ப வருமா' என்று விசாரணைச் சன்னலில் வந்து நச்சரிக்கத் தொடங்கியிருந்தார்கள். சங்கம் தன் தீர்மானத்தைச் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிக்கொண்டது. கிடப்பில் கிடந்த மனு எழுந்து உட்கார்ந்தது. நகரமே தொலைக்காட்சியில் கேட்ட ஒரு மொழியைப் பேசுவோர் எவருமில்லை என்று எந்த ஆணையத்தாலும் சொல்ல முடியவில்லை. விசாரணை நாளன்று சித்தப்பா கூண்டில் ஏறி, மொழிபெயர்ப்பாளர் வந்தால்தான் பேசுவேன் என்று அடம் பிடித்தார். ஒருவரைத் தேடிப் பிடித்து உட்கார வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார். வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு வகுப்பு தொடங்கியது. அக்காவின் மகளும் அதில் சேர்ந்தாள். காட்டின் மேலான உரிமை வழக்கு இன்னும் நடக்கிறது. அது சுலபத்தில் முடியாது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் இனி அவர்கள் இல்லாதவர்கள் என்று யாராலும் ஆரம்பிக்க முடியாது.

இதெல்லாம் பின்னால். அன்று இரவு சுவரை நேராகப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போனார்கள். அவள் தினமும் சலவைத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் அதே நடைபாதையில், இன்றைக்குச் சேறும் புல்லும் அப்பிய சட்டையோடு, கையைத் தாங்கிப் பிடித்தபடி நடந்தாள். பின்னாலேயே அணியில் மற்ற பத்துப் பேரும், சித்தப்பாவும், அக்காவும், மாமாவும். நர்ஸ் எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு, அவளை மட்டும் எக்ஸ்ரே அறைக்குள் விட்டாள்.

எக்ஸ்ரே எடுப்பவர் அதிகம் பேசாத மனிதர். தலை நரைத்தவர், சட்டையின் மேல் பித்தான்வரை போட்டிருப்பார். அவர் அறைக்கு வேண்டிய விரிப்புகளை வாராவாரம் அவள்தான் கொடுப்பாள். 'வெச்சுட்டுப் போம்மா' என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து அவள் வேறொன்றும் கேட்டதில்லை.

அவர் அவளுடைய கையை மெதுவாகப் பலகையில் வைத்தார். வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"நடுவிரல் போயிருக்கு. பக்கத்துல இருக்கறதும் சந்தேகம்தான். கையை ஆட்டாம வெச்சுக்கோம்மா."

"சரிங்க."

அவர் தடுப்புக்குப் பின்னால் போனார். மெஷின் லேசாக முனகியது. சின்னக் கண்ணாடி சன்னல் வழியாக அவர் அவளைப் பார்த்தார். சுற்றுமுற்றும் ஒரு பார்வை விட்டார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு, தயங்கித் தயங்கி, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கிறவர்போல, அவளுடைய மொழியில், அவளுடைய பள்ளத்தாக்கின் அதே இழுவையோடு சொன்னார்:

"கொஞ்சம் தூமா பக்கம் நகர்த்து, மகளே."

சுவர் வாயைப் பிளந்தாள். "நீங்களுமா?"

அவர் காது வரை சிவந்து, பள்ளிப் பையன்போலத் தலையை மட்டும் ஆட்டினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, பலகையையே ஆட வைத்த சிரிப்பு. வலி உயிர் போயிற்று, சிரிப்பு நிற்கவில்லை. தடுப்புக்குப் பின்னால் அவரும் சிரிக்கத் தொடங்கியிருந்தார். வெளியே நின்றவர்கள் கதவைத் தட்டி, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டார்கள்.

முதல் படத்தில் கை முழுக்கப் புகைபோல அசைந்து விழுந்திருந்தது. மறுபடியும் எடுக்க வேண்டியதாகிவிட்டது.